கீழே இருக்கும் எண்

பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் நடத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, “டீச்சர், இதெல்லாம் வேலைக்குப் போன பிறகு எதற்குப் பயன்படும்?” என்று கேட்டான். குறும்புக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். பாலம் கட்ட, கப்பல் ஓட்ட, செயற்கைக்கோள் ஏவ என்று நான் அடுக்கினேன். அவன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான். நான் பாலம் கட்டியதும் இல்லை, கப்பல் ஓட்டியதும் இல்லை என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். கணிதம் சொல்லிக்கொடுக்க வந்து எனக்கு அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வகுப்பறைக்கு வெளியே அந்தக் கணிதத்தை வைத்து ஒரு நாள்கூட நான் சம்பளம் வாங்கியதில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, குடும்பச் சூழலால் இடம் மாற வேண்டியிருந்தது. ஆசிரியர் வேலை உடனே அமையவில்லை. பார்சல் அனுப்பும் ஒரு நிறுவனத்தின் தரவுப் பிரிவில் இடம் கிடைத்தது. சேருவதற்கு முன் ஒரு மாதம் விழுந்து விழுந்து படித்தேன்: கால்குலஸ், அணிகள், நிகழ்தகவுப் பரவல்கள். முதல் ஆறு மாதத்தில் அவற்றில் ஒன்றும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது பின்னம். ஆரம்பப் பள்ளியில் படிக்கும் அதே பின்னம். அதிலேயே நான் தடுக்கி விழுந்தேன்.

எனக்குக் கொடுத்த முதல் வேலை, போன மாதம் எத்தனை சதவீதப் பார்சல்கள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன என்று கண்டுபிடிப்பது. எண்களைச் சற்று எளிதாக்கிச் சொல்கிறேன். அனுப்பியவை 10,000. தரவுத்தளத்தில் ஒவ்வொரு பார்சலுக்கும் வாக்குக் கொடுத்த தேதி ஒரு கட்டத்திலும், போய்ச் சேர்ந்த தேதி இன்னொரு கட்டத்திலும் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டேன். சேர்ந்த தேதி பதிவாகியிருந்தவை 9,200. அவற்றில் 368 தாமதம். வகுத்தால் சரியாக 4 சதவீதம். அழகான ஒரு வரைபடத்தோடு கூட்டத்தில் காட்டினேன். மேலாளர் மகிழ்ந்தார்.

கிடங்கு மேற்பார்வையாளர் ஒருவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். ஓய்வுபெறச் சில ஆண்டுகளே இருந்த மனிதர். கூட்டம் என்றாலே அவருக்குக் கசப்பு. “அம்மா, இன்னும் போய்ச் சேராத பார்சல்களை இதில் எங்கே வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

எங்கேயும் வைக்கவில்லை. சேர்ந்த தேதி இல்லாத 800 பார்சல்கள் என் கணக்குக்குள் வரவே இல்லை. உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். அவற்றில் 500 பார்சல்களுக்கு வாக்குக் கொடுத்த தேதி ஏற்கெனவே கடந்திருந்தது. அவையும் தாமதம்தான்; சொல்லப்போனால் இருப்பதிலேயே மோசமான தாமதம். மீதி 300-க்கு இன்னும் நாள் இருந்தது. அவற்றைத் தாமதம் என்றும் சொல்ல முடியாது, நேரத்துக்குச் சேர்ந்தவை என்றும் சொல்ல முடியாது. ஆகவே மேலே 868, கீழே 9,700. கிட்டத்தட்ட 9 சதவீதம். தொலைந்துபோன பார்சல் என்றைக்கும் தாமதக் கணக்கில் ஏறாது என்பதுதான் என் முதல் கணக்கின் லட்சணம்.

பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. பத்து ஆண்டுகள் இதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் இரண்டையும் மாற்றிச் சொல்வார்கள், திருத்துவேன். பகுதிகளைச் சமமாக்கச் சொல்லிக்கொடுத்தேன், சுருக்கச் சொல்லிக்கொடுத்தேன். அந்தக் கீழ் எண்ணுக்குள் யார் யார் இருக்கிறார்கள், யார் விடுபட்டார்கள் என்று ஒரு கணக்கிலாவது கேட்டிருக்கிறேனா? பாடப்புத்தகத்தில் அது கொடுக்கப்பட்டே வரும். வேலையில் யாரும் கொடுப்பதில்லை. நாமேதான் முடிவு செய்ய வேண்டும். எங்கே, எப்போது முடிவு செய்தோம் என்பதும் பல நேரம் நமக்கே தெரியாது. சேர்ந்த தேதி காலியாக இருந்த வரிசைகளை மென்பொருள் சத்தமில்லாமல் ஒதுக்கியது. அந்த முடிவை எடுத்தது நான்தான், எடுத்ததை அறியாமலே.

அன்று முதல் ஒரு பழக்கம் வந்தது. எந்தச் சதவீதத்தையும் கணக்கிடுவதற்கு முன், ஒரு தாளில் ஒரு வாக்கியம் எழுதுவேன்: “இவற்றில் இத்தனை.” ‘இவை’ என்ன என்பதைச் சொல்லால் எழுத முடியவில்லை என்றால் கணக்கைத் தொடங்குவதில்லை. “போன மாதம் அனுப்பி, இன்றைக்குள் சேர வேண்டியிருந்த பார்சல்களில், குறித்த நாளைத் தாண்டியவை.” நீளமான வாக்கியம்தான். ஆனால் இதை எழுதும்போதே பாதிச் சிக்கல் கண்ணில் பட்டுவிடுகிறது. இரண்டாவது பழக்கம், விடை எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே ஊகித்து எழுதிவைப்பது. ஊகம் 10, விடை 4 என்றால் ஒன்று எனக்கு வேலை தெரியவில்லை, அல்லது கணக்கில் ஓட்டை இருக்கிறது. எதுவானாலும் தெரிந்துகொள்வது நல்லது.

தரவைச் சுத்தம் செய்வதுபற்றி எல்லோரும் புலம்புவார்கள். நானும் புலம்புவேன், ஆனால் சுருக்கமாக. வேலை நேரத்தில் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது. 03/04 என்பது மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ என்று தேடித்தேடி ஒரு வாரம் போயிருக்கிறது. தரவுத்தளத்திலிருந்து தரவைக் கேட்டு வாங்கும் மொழியான எஸ்கியூஎல்லில் இரண்டு அட்டவணைகளை இணைக்கும்போது, ஒரு ஆர்டரில் மூன்று பொருள்கள் இருந்தால் அந்த ஆர்டரின் தொகை மூன்று முறை வரும். கூட்டினால் விற்பனை எகிறும். நான் அப்படி எகிறவைத்த ஒரு மாத விற்பனையைக் கண்டு ஒரு பிரிவே அரை நாள் கொண்டாடியது. அதற்குப் பிறகு இணைப்பதற்கு முன் ஒரு முறை வரிசைகளை எண்ணுகிறேன், இணைத்த பின் ஒரு முறை எண்ணுகிறேன். இந்த எண்ணிக்கை காப்பாற்றியதுபோல் எந்தத் தேற்றமும் என்னைக் காப்பாற்றியதில்லை.

2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் ஏறாமல் விடுபட்டன. பழைய எக்செல் வடிவத்தில் ஒரு தாள் 65,536 வரிசைகளுக்கு மேல் கொள்ளாது. அதற்கு மேல் வந்தவை உதிர்ந்துபோயின. அந்தத் தொற்றாளர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணியும் அதனால் தாமதமானது. 65,536 என்பது 2-இன் 16-ஆம் அடுக்கு. கணித ஆசிரியருக்குச் சட்டென்று கண்ணில் படும் எண். இப்போதெல்லாம் ஒரு கோப்பைத் திறந்தவுடன் கடைசி வரிசையின் எண்ணைத்தான் முதலில் பார்க்கிறேன். 65,536 என்றோ, புதிய வடிவத்தின் எல்லையான 10,48,576 என்றோ இருந்தால், அனுப்பியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுவிடுவேன். இன்னொன்றும் அதே 2020-இல் நடந்தது: மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு, ‘மார்ச்1’ போன்ற பெயர்களை மாற்றுவதாக அறிவித்தது. எக்செல் அவற்றைத் தேதி என்று நினைத்துத் திருத்திக்கொண்டே இருந்ததுதான் காரணம். மென்பொருளைத் திருத்துவதைவிட மரபணுவின் பெயரை மாற்றுவது எளிதாக இருந்திருக்கிறது. எனக்கு இன்றும் சிரிப்பு வரும் செய்தி இது.

அந்த நிறுவனத்தில் எனக்கு மறக்க முடியாத கணக்கு, இரண்டு விநியோகக் குழுக்களின் கதை. ஊக்கத்தொகை கொடுப்பதற்காகக் குழுக்களை ஒப்பிடச் சொன்னார்கள். இரு குழுக்களும் தலா 1,000 பார்சல்கள் கொண்டுபோயிருந்தன. முதல் குழுவில் தாமதம் 65, அதாவது 6.5 சதவீதம். இரண்டாம் குழுவில் 152, அதாவது 15.2 சதவீதம். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றும். பழைய மேற்பார்வையாளரின் குரல் காதில் இருந்ததால், தடங்களை எளிதானவை, கடினமானவை என்று பிரித்துப் பார்த்தேன். முதல் குழு எளிதான தடங்களில் 900 கொண்டுபோய் 45 தாமதம்: 5 சதவீதம். இரண்டாம் குழு எளிதான தடங்களில் 200 கொண்டுபோய் 8 தாமதம்: 4 சதவீதம். கடினமான தடங்களில் முதல் குழுவுக்கு 100-இல் 20, அதாவது 20 சதவீதம். இரண்டாம் குழுவுக்கு 800-இல் 144, அதாவது 18 சதவீதம். எளிதிலும் இரண்டாம் குழுவே மேல், கடினத்திலும் அதுவே மேல். கூட்டினால் மட்டும் அது கீழே போகிறது. காரணம், கடினமான தடங்களை அவர்கள் தலையில் கட்டியிருந்தார்கள்.

இதைச் சிம்ப்சன் முரண் என்பார்கள். கல்வித் துறையில் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1973-இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 44 சதவீதத்தினருக்கும் பெண்களில் சுமார் 35 சதவீதத்தினருக்கும் இடம் கிடைத்தது. பிக்கெல், ஹாம்மெல், ஓ’கானெல் ஆகிய மூவர் துறைவாரியாகப் பிரித்து ஆராய்ந்து 1975-இல் கட்டுரை வெளியிட்டார்கள். துறைக்குள் பார்த்தால் பெண்களுக்கு எதிரான அந்தப் பெரிய இடைவெளி காணாமல் போயிற்று. இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்கே பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். பலர் கதையை இங்கே முடித்துவிட்டு, ‘ஆகவே பாகுபாடு இல்லை’ என்று எழுந்துவிடுவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பெண்கள் ஏன் அந்தத் துறைகளுக்குப் போனார்கள், சிறுவயதிலிருந்து யார் அவர்களை எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்ற கேள்வி, சேர்க்கை அட்டவணைக்கு வெளியே நிற்கிறது.

பிரித்துப் பார்ப்பதுதான் எப்போதும் சரி என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. பிரித்துக்கொண்டே போனால், எந்தக் குழுவையும் ஏதாவதொரு மூலையில் வெற்றியாளராக்கிக் காட்டலாம். எங்கே பிரிப்பது என்பதற்குச் சூத்திரம் இல்லை. வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நான் அதற்காக இரண்டாம் குழுவின் வண்டியில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து போனேன். மின்தூக்கி இல்லாத மாடிக் கட்டடங்கள், எண் இல்லாத கதவுகள், திரும்ப இடமில்லாத தெருக்கள். தடத்தை யார் ஒதுக்குகிறார்கள் என்று ஓட்டுநரிடம் கேட்டேன். “எங்களைக் கேட்டா ஒதுக்குகிறார்கள்?” என்றார். தடம் அவர்களுடைய தேர்வு இல்லை. ஆகவே தடவாரியாகப் பிரிப்பதுதான் நியாயம் என்று அந்த ஒரு பதிலில் முடிவாயிற்று. அந்தப் பதில் எந்த அட்டவணையிலும் இல்லை.

முக்கோணவியலும் ஒரு நாள் வந்தது. இரண்டு முகவரிகளின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரியும். இடையே உள்ள தூரம் வேண்டும். பூமி உருண்டை என்பதால் நேர்க்கோட்டுத் தூரச் சூத்திரம் செல்லாது. சைன், கொசைன் கொண்ட ஹாவர்சைன் சூத்திரம் வேண்டும். இன்னொரு இடத்தில், இரவு 11 மணிக்கும் நள்ளிரவு 1 மணிக்கும் இரண்டு மணி நேரமே இடைவெளி என்பதைக் கணினிக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது; 23, 1 என்று எண்ணாகக் கொடுத்தால் அது 22 என்று கழித்துக்கொள்கிறது. நேரத்தை ஒரு வட்டத்தில் சுற்றி, சைனாகவும் கொசைனாகவும் கொடுத்தால் சிக்கல் தீர்ந்தது. மேசையில் உட்கார்ந்து அந்தப் பையனை நினைத்துக்கொண்டேன். அவனுக்கு அப்போது இருபது வயதைத் தாண்டியிருக்கும். பாலத்தையும் கப்பலையும் சொன்னதற்குப் பதில் இதைச் சொல்லியிருக்கலாம்.

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு கல்விப் பக்கம் திரும்பினேன், ஆனால் கரும்பலகைக்கு இல்லை. பல பள்ளிகளை நடத்தும் ஓர் அமைப்பு, மதிப்பெண்களைப் பகுப்பாய்வு செய்ய ஆள் தேடியது. முதல் வாரத்திலேயே ஒரு பட்டியலை நீட்டினார்கள். சராசரி மதிப்பெண்ணில் முன்னணியில் இருந்த பத்துப் பள்ளிகளில் பெரும்பாலானவை சிறியவை. சிறிய பள்ளியில் பிள்ளைகளுக்குத் தனிக் கவனம் கிடைக்கிறது, ஆகவே பெரிய பள்ளிகளைப் பிரித்துவிடலாமா என்று யோசனை ஓடிக்கொண்டிருந்தது. பட்டியலின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கடைசிப் பத்திலும் பெரும்பாலானவை சிறிய பள்ளிகளே.

இதற்குள் இருப்பது ஒரு வர்க்கமூலம். மாணவர்களின் மதிப்பெண்ணுக்குத் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து மதிப்பெண்கள் எவ்வளவு சிதறி நிற்கின்றன என்ற அளவு, 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 பேர் எழுதும் பள்ளியின் சராசரி, தற்செயலாக மட்டுமே ஏறி இறங்கும் அளவு, 15-ஐ 25-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும்: 3 மதிப்பெண். 400 பேர் எழுதும் பள்ளிக்கு 15-ஐ 20-ஆல் வகுக்க வேண்டும்: 0.75. சிறிய பள்ளி இந்த ஆண்டு உச்சிக்கும் அடுத்த ஆண்டு தரைக்கும் போய்வருவது இயல்பு. பெரிய பள்ளி நடுவிலேயே அசையாமல் நிற்கும். இங்கேயும் கதையை நடத்துவது கீழே இருக்கும் எண்தான். இதைக் கூட்டத்தில் விளக்க முயன்றேன். வர்க்கமூலம் என்றதும் முகங்கள் மூடிக்கொண்டன. அடுத்த முறை நாணயம் எடுத்துப்போனேன். நான்கு நான்கு முறை சுண்டச் சொன்னேன். நான்கும் தலை விழுந்தவர் இருவர் இருந்தார்கள். “இவர்களுக்கு நாணயம் சுண்டும் திறமையா?” என்று கேட்டேன். பள்ளிகளைப் பிரிக்கும் யோசனை அதோடு நின்றது. சூத்திரத்தைக் கைவிட்டு நாணயத்தை எடுக்க வேண்டிய இடம் எது என்று தெரிவதும் இந்தத் தொழிலில் பாதி.

சிறப்பு வகுப்பு விவகாரம் இதைவிட வலித்தது. முதல் தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கிய 30 பேருக்கு மாலை வகுப்பு நடத்தினார்கள். அடுத்த தேர்வில் அவர்கள் சராசரியாக 6 மதிப்பெண் கூட வாங்கினார்கள். ஆசிரியர்கள் உழைத்திருந்தார்கள், நான் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் கேட்டேன்: முதல் தேர்வில் மிக அதிகம் வாங்கிய 30 பேர் என்ன ஆனார்கள்? அவர்கள் சராசரியாக 5 மதிப்பெண் இறங்கியிருந்தார்கள். அவர்களுக்கு யாரும் கெடுதல் செய்யவில்லை. ஒரு தேர்வில் கடைசிக்குப் போகிறவர்களில் சிலர் அன்று காய்ச்சலில் எழுதியவர்கள், படிக்காத பக்கத்திலிருந்து கேள்வி வந்தவர்கள். மறுமுறை அவர்கள் தாமாகவே ஏறுவார்கள். முதலிடத்தில் இருப்பவர்களில் சிலருக்கு அன்று அதிர்ஷ்டம். உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாக இருந்தாலும் பெற்றோர் அளவுக்கு விலகி நிற்பதில்லை என்று 1886-இல் பிரான்சிஸ் கால்டன் எழுதியதும் இதே சங்கதியை. இதைச் சொன்னபோது ஓர் ஆசிரியை, “அப்படியானால் எங்கள் உழைப்பு வீண் என்கிறீர்களா?” என்று கேட்டார். இல்லை, வீணா இல்லையா என்று இந்தத் தரவிலிருந்து சொல்ல முடியாது என்றேன். உண்மைதான், ஆனால் மாலை வரை நின்று பாடம் நடத்தியவரிடம் சொல்லத்தக்க முறையில் நான் சொல்லவில்லை. அடுத்த பருவத்தில், தகுதியுள்ள 60 பேரில் சீட்டுப் போட்டு 30 பேருக்கு முதலிலும் மற்ற 30 பேருக்குப் பிறகும் வகுப்பு நடத்தலாம் என்று அந்த ஆசிரியையே யோசனை சொன்னார். சீட்டு விழுந்தவர்கள், விழாதவர்களைவிட 2 மதிப்பெண் கூடுதலாகப் பெற்றார்கள். 30 பேர் கொண்ட குழுவுக்கு 2 என்பது உறுதியாகச் சொல்லப் போதாத அளவு என்பதால், இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து செய்தோம். இடைவெளி இரண்டை ஒட்டியே நின்றது. ஆறு என்று முழங்கியிருந்தால் அடுத்த ஆண்டு யாரும் எங்களை நம்பியிருக்க மாட்டார்கள்.

தேர்ச்சி விழுக்காடு பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு பள்ளி ஒரே ஆண்டில் 88.6 சதவீதத்திலிருந்து 100-க்குத் தாவியது. பாராட்டு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். எனக்குப் பழைய வாக்கியத்தை எழுதும் பழக்கம்: எவற்றில் எத்தனை? தேர்வு எழுதியவர்களில் தேர்ச்சி பெற்றவர்கள். சரி, எழுதியவர்கள் எத்தனை பேர்? முந்தைய ஆண்டு 80 பேர் படித்து, 79 பேர் எழுதி, 70 பேர் தேறினார்கள். இந்த ஆண்டு 84 பேர் படித்து, 71 பேர் எழுதி, 71 பேரும் தேறினார்கள். 13 பிள்ளைகள் எங்கே? தேற மாட்டார்கள் என்று கணித்து, அவர்களை இந்த ஆண்டு எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். படித்தவர்களைப் பகுதியில் வைத்தால் 87.5 சதவீதம் 84.5 ஆகக் குறைந்திருக்கிறது. மேல் எண்ணை உயர்த்த ஓராண்டு உழைக்க வேண்டும். கீழ் எண்ணைக் குறைக்க ஒரு பெற்றோர் கூட்டம் போதும்.

ஓர் அளவை வைத்து ஆட்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கினால், அந்த அளவு முன்பு எதைக் காட்டியதோ அதைக் காட்டாமல் போய்விடும் என்ற கருத்தைப் பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக்கொள்கை தொடர்பாக முன்வைத்தார். பள்ளிக்கூடத்துக்கு அது அப்படியே பொருந்துகிறது. அறிக்கையில் எழுதியவர்கள், படித்தவர்கள் என்ற இரண்டு பகுதிகளையும் வைத்து இரண்டு பத்தியாக எழுதினேன். சுருக்கத்தில் ஒரு பத்தியை எடுத்துவிட்டார்கள். பின்னிணைப்பில் மட்டும் விட்டுவைத்தார்கள். விழா நடந்தது. நான் போகவில்லை. அந்த 13 பேரின் பட்டியலை வகுப்பு ஆசிரியர்களிடம் தனியாகக் கொடுத்து, இவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுவரச் சொன்னேன். ஒன்பது பேர் கிடைத்தார்கள். இதைச் சாதனையாகச் சொல்லவில்லை; நான்கு பேர் இன்னும் கிடைக்கவில்லை.

இடைநிற்கப்போகும் மாணவர்களை முன்கூட்டியே கணிக்க ஒரு கணிப்பு மாதிரி, அதாவது பழைய தரவை வைத்துக் கணிக்கும் நிரல், செய்யச் சொன்னதும் இதே காலத்தில்தான். ஒரு நிறுவனம் ஏற்கெனவே ஒன்றை விற்க வந்திருந்தது. 95 சதவீதம் துல்லியம் என்றார்கள். எங்கள் பள்ளிகளில் 1,000 பேருக்கு 50 பேர் இடையில் நின்றுவிடுவார்கள். ‘யாருமே நிற்க மாட்டார்கள்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் 95 சதவீதம் துல்லியம் வரும். நாங்கள் சொந்தமாகச் செய்தது, 1,000 பேரில் 120 பேர்மீது குறி போட்டது. அவர்களில் 35 பேர் உண்மையிலேயே நின்றார்கள். நின்ற 50 பேரில் 35 பேரைப் பிடித்தது என்றால் 70 சதவீதம். குறி போட்ட 120 பேரில் 35 பேர் என்றால் 29 சதவீதம். மேலே ஒரே 35. கீழே எதை வைக்கிறோம் என்பதில் மாதிரி நல்லதாகவும் தெரியும், மோசமாகவும் தெரியும். எது சரி? குறி போட்டபின் என்ன நடக்கும் என்பதைப் பொறுத்தது. ஆசிரியர் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுப்பார் என்றால், தேவையில்லாமல் 85 வீடுகளுக்குப் பேசியதில் யாருக்கும் நட்டமில்லை. குறி விழுந்த பிள்ளையைத் தனி வகுப்பில் உட்காரவைப்பார்கள் என்றால், 85 பிள்ளைகளுக்கு நாம் அநியாயம் செய்கிறோம். எழுத்தில் ஒரு நிபந்தனை போட்டபின்தான் பட்டியலைக் கொடுத்தேன்: அழைப்புக்கு மட்டும்.

இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் எதைப் படிக்கலாம் என்று கேட்கிறார்கள். கருவிகளைப் பற்றி எனக்குப் பெரிய கருத்து இல்லை. எஸ்கியூஎல் முதலில், தரவு அங்கேதான் இருக்கிறது. எக்செல்லை இளக்காரமாகப் பார்க்காதீர்கள், பாதி உலகம் அதில்தான் ஓடுகிறது. பைத்தான் நிரல்மொழி பிறகு தானாகவே வரும். கணிதத்தில், நிகழ்தகவையும் மாதிரிக் கணக்கெடுப்பையும் ஆழமாகப் படியுங்கள், மடக்கையை மறக்காதீர்கள், அணிகளும் கால்குலஸும் வீணாகாது, கணிப்பு மாதிரிகளின் உள்ளே போகும்போது மூன்றாம் ஆண்டில் எனக்கு இரண்டும் தேவைப்பட்டன. பயிற்சிக்கு இணையத்தில் கிடைக்கும் சுத்தமான தரவைவிட, நீங்களே எண்ணிச் சேர்த்த நூறு வரிசைகள் மேல். எண்ணும்போதுதான் எதை எண்ணுவது, எதை விடுவது என்ற சண்டை வரும்.

இப்போது வாரம் இரண்டு நாள் மீண்டும் வகுப்பெடுக்கிறேன். எடுத்தவுடன் ஒரு கேள்வி போடுவேன்: வகுப்பில் பெரும்பாலானவர்கள் சராசரிக்கு மேல் இருக்க முடியுமா? முடியாது என்று கத்துவார்கள். 40 பேரில் 38 பேர் 80 வாங்கி, இரண்டு பேர் பூஜ்யம் வாங்கினால் சராசரி 76. 38 பேரும் அதற்கு மேல். சிறிது நேரம் அமைதியாக இருக்கும். பிறகு யாராவது ஒருவர், அப்படியானால் இடைநிலை அளவு எவ்வளவு என்று கேட்பார். அன்றைய பாடம் அங்கிருந்து போகும்.

போன மாதம், நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று அவர்களையே கணக்கெடுக்கச் சொன்னேன். ஒருத்தி பலகையில் பெயர்களையும் மணிகளையும் எழுதினாள், கூட்டினாள், வகுப்பதற்குக் கோடு போட்டாள். கோட்டுக்குக் கீழே எழுதப் போன கை நின்றது.

“டீச்சர், இன்று மூன்று பேர் வரவில்லை. அதில் ஒருவன் தூக்கம் தெளியாமல்தான் வரவில்லை என்று அவன் தம்பி சொன்னான். அவனை விட்டுவிட்டு வகுக்கலாமா?”

மற்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தத் தொடங்கினார்கள். தம்பியைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றது ஒரு கட்சி. தம்பி சொல்வதைத் தரவாக எடுத்துக்கொள்ள முடியுமா என்றது மறு கட்சி. மணி அடித்துவிட்டது. கோட்டுக்குக் கீழே ஒன்றும் எழுதாமலே பலகையை விட்டுவைத்தோம். அடுத்த வகுப்புக்கு வந்த வரலாற்று ஆசிரியர்தான் அதை அழித்தார்.